கைவிடப்பட்ட நீர்

திருமறையின் அல்ஹஜ் அத்தியாயம், அழிந்தொழிந்த ஊர்களைப் பற்றிக் கூறுமிடத்து இரண்டு பொருள்களை அருகருகே நிறுத்துகின்றது. ஒன்று, கைவிடப்பட்ட கிணறு. மற்றொன்று, உயர்ந்தோங்கிய மாளிகை. மாளிகை பாழாய்க் கிடப்பதைக் கண்டு நெஞ்சு கலங்குவது இயல்பு. ஆயின் கிணற்றை ஏன் முதலிற் சொல்ல வேண்டும்? அங்கே வந்துள்ள ‘முஅத்தலா’ என்னும் சொல்லுக்கு விரிவுரையாளர்கள் தரும் பொருள் நோக்கத்தக்கது. வற்றிப் போன கிணறு என்று அவர்கள் பொருள் கொள்ளவில்லை. நீர் இருக்கின்றது, இறைப்பார் இல்லை. இதே வேரிலிருந்து பிறந்த ‘தஃதீல்’ என்னும் சொல்லைத்தான் நம் மத்ரஸாக்களில் விடுமுறைக்கு வழங்குகின்றோம். பாடமும் கித்தாபும் அங்கேயே இருக்கும். ஓதுவாரும் ஓதிக்கொடுப்பாரும் இருக்கமாட்டார்கள். பொருள் அழியாமலே பயன் அற்றுப்போகும் நிலைக்கு இதனைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

இந்தச் சொல் நம் சிந்தையிற் பல நாள் தங்கி நின்றதற்குக் காரணம் ஒரு மஸ்அலா. ஓசூரில் தொழிற்சாலையொன்றிற் பணிபுரியும், முன்னாளில் நம்மிடம் ஓதிய அன்பர் ஒருவர், தளி சாலைப் பக்கம் தோட்டத்துடன் கூடிய பழைய வீடொன்றை விலைக்கு வாங்கினார். வீட்டின் பின்புறத்தில் நீச்சல் குளம் ஒன்று. இருபத்து நான்கு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், சராசரியாக நாலரை அடி ஆழம். முந்தைய உடைமையாளர் வெளியூர் சென்று பல ஆண்டுகளாகி விட்டமையால், குளம் பாசி படர்ந்து, சருகு மக்கி, பச்சைக் குழம்பாகிக் கிடந்தது. அவர் நம்மிடம் கேட்டவை இரண்டு. இந்த நீர் தூய்மையானதா? இதைச் செப்பனிட்டு மறுபடி நிரப்புவது மார்க்கத்திற்கு உகந்ததா? மூன்றாவதாக ஒரு கேள்வியும் அவரிடம் இருந்தது; அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. “விற்றவர் வைத்துவிட்டுப் போன வினை, ஹஜ்ரத், அது என் தலையில் ஏன் விடிய வேண்டும்?” என்று சலிப்போடு சொன்னார். நமக்கோ அந்த மூன்றாவதே முதன்மையானதாய்த் தோன்றிற்று.

முதற் கேள்விக்கு விடை எளிது. கேட்பவர் வியக்கும் விடையுங்கூட. ஹனஃபீ மத்ஹபின் நூல்கள் பெருநீர்நிலைக்கு வகுத்துள்ள அளவு பத்து முழத்திற்குப் பத்து முழம். முழம் ஒன்றரை அடியெனக் கொண்டால் 225 சதுர அடி. அன்பரின் குளமோ 288 சதுர அடி. ஷாஃபிஈ மத்ஹபின் ‘குல்லத்தைன்’ அளவு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டர். அதனை இக்குளம் பன்மடங்கு விஞ்சுகின்றது. ஆகவே எம்மத்ஹபின்படி நோக்கினும் இது மிகுநீர். நஜீஸ் விழுந்து நிறமோ சுவையோ மணமோ மாறினாலன்றி அசுத்தமாகாது. நிறந்தான் பச்சையாய் மாறியிருக்கின்றதே எனின், நீண்டநாள் தேங்கியதனாலும் பாசியினாலும் உண்டான மாற்றம் நீரின் தூய்மையைக் கெடுக்காது என்பதும் அந்நூல்களிற் காணப்படுவதே. அவர் குனிந்து அதில் உளூச் செய்திருந்தால் தொழுகை கூடியிருக்கும்.

இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. ஆனால் நமக்குத் தெளிவு பிறக்கவில்லை. சட்டம் ‘தூய்மை’ என்று சொல்லும் பொருள் அண்டை வீட்டாருக்கு நோய் தரக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? பிக்ஹு நூலின் தூய்மைப் பாடம் தொழுகையின் வாயிலில் நிற்கும் பாடம். நீரால் அண்டையாருக்கு விளையும் தீங்கோ வேறொரு பாடத்தில் ஆராயப்படுவது. மலேரியாவைப் பரப்பும் ‘அனோபிலிஸ் ஸ்டீபன்சி’ என்னும் கொசு நம் நகரங்களின் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிடுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ சிரட்டையளவு நீர் கிடைத்தாலும் போதுமென்று பெருகுவது. கொசு பெருக இடமளிக்கும் நீர்த்தேக்கங்களை ஒழிக்கும் பொறுப்பை, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே இம்மாநிலத்தில் உடைமையாளர் மீது சுமத்தியிருக்கின்றது. எவரும் எவருக்கும் தீங்கிழைத்தலாகாது, தீங்குக்குத் தீங்கும் ஆகாது என்ற கருத்துடைய நபிமொழியை ஓதாத மத்ரஸா மாணவர் இல்லை. நவவீ இமாமின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் அது முப்பத்திரண்டாவது.

கொசுவைவிடக் கொடியது மற்றொன்றுண்டு. வேலியற்ற குளத்தருகே ஒரு குழந்தை தவழ்ந்து வருமாயின்? உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2021-ஆம் ஆண்டில் மட்டும் நீரில் மூழ்கி மாண்டோர் ஏறத்தாழ 3,00,000 பேர் என்றும், அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதும் நிரம்பாத மழலையர் என்றும் கூறுகின்றது. பச்சை படர்ந்த நீர் குழந்தையின் கண்ணுக்குப் புல்தரை போலவே தோன்றும். அடித்தளமும் தெரியாது, விழுந்தவரும் தெரியார்.

இனி, அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம். முன்னவரின் அலட்சியத்துக்குப் பின்னவர் பொறுப்பாவாரா?

நம் சட்ட நூல்கள் இதனை எண்ணாமல் விட்டுவிடவில்லை. ஹிதாயாவை ஓதியவர்கள் ‘சாய்ந்த சுவர்’ என்னும் பாடத்தை நினைவுகூர்வார்கள். ஒருவருடைய சுவர் தெருவின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதை இடித்துவிடுமாறு அவரிடம் சாட்சிகளோடு கோரப்படுகின்றது. இடிக்கப் போதிய அவகாசம் இருந்தும் அவர் வாளாவிருக்கின்றார். சுவர் விழுந்து உயிரோ உடைமையோ அழிந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும். கோரிக்கைக்குப் பின், சுவர் விழுமுன், அவர் வீட்டை விற்றுவிட்டால்? விற்றவரின் பொறுப்பு நீங்கிவிடுகின்றது. இடிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லையன்றோ? வாங்கியவர் மீதும் பொறுப்பு உடனே ஏறுவதில்லை. அவரிடம் எவரும் கோரவில்லை. புதிதாக அவரிடம் கோரப்பட்ட பின்னரே அவர் கட்டுப்படுவார். தன் நிலத்தில் ஒருவர் தோண்டிய கிணற்றில் பிறர் விழுந்தால் அதற்கு ஈடு இல்லை என்ற கருத்துடைய நபிமொழியும் புகாரியில் இடம்பெற்றிருப்பது.

நம் அன்பருக்கு இவையனைத்தும் ஆறுதலளிக்கக் கூடியவை. குளம் தோண்டியவர் அவரல்லர். பாழாக்கியவரும் அவரல்லர். எவரும் சாட்சிகளோடு வந்து அவர் கதவைத் தட்டவுமில்லை. காழியின் மன்றத்தில் அவர் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

ஆனால் நம் முன்னோர் மன்றம் ஒன்றோடு நிறுத்தவில்லை. ‘களாஅன்’ என்றும் ‘தியானத்தன்’ என்றும் இரு வகையாகத் தீர்ப்பைப் பிரித்தார்கள். முன்னது, நீதிபதி புறச்சான்று கொண்டு காண்பது. பின்னது, அடியானுக்கும் அவனுடைய இறைவனுக்கும் இடையே நிற்பது. சாய்ந்த சுவருக்குக் கோரிக்கையை ஏன் நிபந்தனையாக்கினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று புலனாகும். சுவர் சாய்வது உடைமையாளரின் செயலன்று. அவர் அறியாமலும் இருக்கக்கூடும். அறிந்தாரா, அறியவில்லையா என்பதை நீதிபதி உள்ளத்துள் புகுந்து பார்க்க இயலாது. ஆகவே அறிவுக்குப் புறத்தேயுள்ள அடையாளமாகக் கோரிக்கையை வைத்தார்கள் என்று நாம் கொள்கின்றோம். அங்ஙனமாயின், தம் கண்ணாலேயே கண்டவருக்கு வேறு சாட்சி எதற்கு?

அன்பர் கண்டது மட்டுமன்று. வீட்டைப் பார்வையிட்ட அன்றே அந்தக் குளத்தைச் சுட்டிக்காட்டித்தான் விலையைக் குறைத்துப் பேசினார் என்று அவரே நம்மிடம் மகிழ்வோடு கூறியிருந்தார். இதிற் குற்றமில்லை, வணிகத்தில் அது முறையே. குறை கண்டபின் ஒப்பி வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை என்பதும் வணிகப் பாடத்தில் முதலாண்டு மாணவர் அறிந்ததே. ஆனால், பயன் எவருக்கோ பொறுப்பும் அவருக்கே என்னும் விதி ஒன்று நபிமொழியின் அடியாகப் பிறந்து, நம் சட்டமனைத்திலும் ஊடுருவி ஓடுகின்றது. குறையைக் காரணங்காட்டி விலையைக் குறைத்தவர், அந்தக் குறைக்கான கூலியை முன்னதாகவே பெற்றுக்கொண்டவர் ஆகின்றார். செப்பனிடும் பணம் அவர் பையில் அன்றே விழுந்துவிட்டது. இனி ‘இது முன்னவர் வினை’ என்பது, கூலியை வாங்கி முடிந்துகொண்டு வேலையை மறுப்பதற்கு ஒப்பாகும் என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

குறைத்த விலைக்கு வாங்காமல் மரபுரிமையாகப் பெற்றிருந்தால் இந்த வாதம் நிற்குமா என்று வாசக அன்பர் எவரேனும் வினவலாம். இவ்வளவு வலுவாக நில்லாது. ஆனால் அவ்விடத்தும் கண்டவரின் அறிவு கண்டவரிடமே இருக்கும்.

இங்கே ஒரு வேற்றுமையையும் குறிப்பிடல் வேண்டும். உரிமையாளரற்ற தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவர் அதற்கு உரியவராவார் என்பது ‘இஹ்யாவுல் மவாத்’ பாடம். வெறுமனே எல்லைக்கல் நட்டு வளைத்துப் போட்டவர் மூன்றாண்டு வாளாவிருந்தால் உரிமை இழப்பார் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. கைவிடுதலே உரிமையைத் தேய்க்கும் என்னும் கருத்து அதிற் பொதிந்து கிடக்கின்றது. அன்பரின் குளம் அத்தகைய தரிசன்று. பத்திரத்தில் எந்நாளும் ஒருவர் பெயர் இருந்தே வந்தது. பெயர் இருந்தும் பொறுப்பு இல்லாதிருந்ததுதான் அதன் கேடு. நம் காலத்தில் பாழாய்க் கிடப்பன பெரும்பாலும் இவ்வகையினவே.

சுவருக்கு வெளியே பார்வையைச் செலுத்தினால் இது இன்னும் விளங்கும். 1970-களில் சிப்காட் வளாகம் தோன்றி, 1980-களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வேரூன்றிய பின், ஓசூர் வட்டாரம் வளர்ந்த வேகம் நாமறிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இவ்வூரை ஒட்டி ஓடும் தென்பெண்ணையோ கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியிற் பிறந்து, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துகொண்டு எல்லை கடந்து வருகின்றது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படும் மழை நாள்களில், வெண்ணுரை மலைபோற் குவிந்து பாலத்தையும் சாலையையும் மூடியதை நாளேடுகளில் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! மேட்டுநிலத்தார் தம் தேவை முடித்துப் பள்ளத்தாருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்று மதீனாவின் வாய்க்கால் வழக்கில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. நீரை விடுவது பற்றிய தீர்ப்பு அது. நுரையை விடுவது பற்றி அக்காலத்தில் எவரும் வழக்குரைக்க நேரவில்லை.

ஆற்றை நினைக்கும்போது கொல்லைப்புறக் குளம் அற்பமாய்த் தோன்றும். அற்பந்தான். ஆனால் ஆற்றுக்காக நாம் கைநீட்டிக் குற்றஞ்சாட்டும் அதே வாதம், அதாவது ‘கெடுத்தவர் வேறொருவர்’ என்னும் வாதம், நம் சுவருக்குள்ளே நம் வாயிலிருந்தே வருவதைக் கவனிக்க வேண்டுமல்லவா?

நிற்க. நிரப்புவது தகுமா என்ற இரண்டாவது கேள்வி எஞ்சியிருக்கின்றது. நீச்சல் இகழத்தக்கதன்று. வீண் விளையாட்டினின்றும் விலக்கி எண்ணத்தக்க நான்கனுள் நீச்சல் கற்பதும் ஒன்றெனக் கூறும் அறிவிப்பை நஸாஈ இமாம் பதிந்துள்ளார். ஆகவே குளம் வைத்திருப்பதே ஆடம்பரம் என்று கடிந்துரைக்க நமக்கு மனமில்லை. பிள்ளைகள் நீந்தக் கற்பது, மேலே சொன்ன 3,00,000 என்ற தொகையை நினைத்தால், உயிர்காக்கும் கல்வியுமாகும்.

இடர்ப்பாடு நீரின் அளவில் இருக்கின்றது. இக்குளம் கொள்ளும் நீர் ஏறத்தாழ 36,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் மூன்று வர வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. முத்து என்பது இரு கை சேர்த்து அள்ளும் அளவு; முக்கால் லிட்டர் எனக் கொள்ளலாம். அக்கணக்கின்படி, ஒரே முறை நிரப்பும் நீர் 48,000 உளூவுக்குப் போதும். நாளொன்றுக்கு ஐந்து வேளையென்றால் ஒரு மனிதரின் இருபத்தாறு ஆண்டுத் தொழுகை! ஓடும் ஆற்றங்கரையிலிருந்து உளூச் செய்தாலும் விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டதாக இப்னு மாஜாவில் வரும் செய்தியையும் இதனோடு சேர்த்து எண்ணுக.

ஒரு முறை நிரப்பினால் முடிந்ததா எனின், இல்லை. வெயிலில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகின்றது என்று வைத்துக்கொண்டாலும், இக்குளத்தின் பரப்பிலிருந்து நாள்தோறும் 130 லிட்டருக்கு மேல் வானத்தில் மறையும். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழங்க வேண்டியது 135 லிட்டர் என்பது நம் நாட்டின் திட்ட அளவு. சிற்றூர்களில் 55 லிட்டர். எவரும் நீந்தாத நாளிலும் ஒரு நகரத்து மனிதரின் பங்கை இக்குளம் ஓசையின்றிக் குடித்துவிடுகின்றது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டியும் பாறையைத் துளைக்கும் வட்டாரம் இது. குடிநீரில் ஃபுளோரைடு கலந்து பல்லும் எலும்பும் பாழ்பட்ட சிற்றூர்களுக்காக ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயிற் கொண்டுவரும் திட்டம், 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதும் இம்மாவட்டத்துக்கும் தருமபுரிக்கும் ஆகவே. எல்லைக்கு அப்பால், 2024 மார்ச்சில், பெங்களூர்க் குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதைத் தடை செய்து 5,000 ரூபாய் தண்டமும் விதித்தது. இங்கே அத்தகைய ஆணை இல்லை என்பதால் நிலத்தடி நீர் மட்டும் எல்லைக்கோட்டைப் பார்த்துத் தனித்தனியாக நிற்கப் போவதில்லை.

எனவே லாரி நீரைக் கொண்டு நிரப்புவதை நாம் விரும்பவில்லை என்றோம். அப்படியானால் மண்ணைக் கொட்டி மூடிவிடுகிறேன் என்றார் அன்பர். அது ஆகும், தீங்கு நீங்கும், பாழாய்க் கிடக்க விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆயினும் கட்டி முடிந்த தொட்டியொன்றை இவ்வளவு நீர்ப் பஞ்சமுள்ள ஊரில் மூடுவதற்கு நமக்குத் தயக்கமாக இருந்தது. அவர் வீட்டு மொட்டைமாடி 1,500 சதுர அடி. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியதென்றால், சிந்தியது போக ஏறத்தாழ 90,000 லிட்டர் அந்த மாடியிலிருந்து இறங்கும். குளம் இருமுறை நிரம்பும். மழைநீர் சேகரிப்பைக் கட்டடந்தோறும் கட்டாயமாக்கி 2003-இலேயே தமிழகம் சட்டம் செய்தது. எத்தனையோ வீடுகளில் அது ஒரு குழாய்த் துண்டோடு நின்றுவிட்டது வேறு செய்தி.

பழைய நீர்நிலையை மீட்பது வெறுங்கனவன்று. தில்லியில் ஹள்ரத் நிஜாமுத்தீன் அவர்கள் காலத்துப் படிக்கிணற்றின் சுவர் 2008-இல் இடிந்து விழுந்தபின், ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையினர் அதனை அடிவரை தூர்வாரிச் செப்பனிட்டார்கள். ஐதராபாத்தில் குப்பை மேடாகிக் கிடந்த பன்சிலால்பேட்டைப் படிக்கிணறு 2022 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அவை பலரும் கூடி மீட்ட பொதுநீர். தனியொருவரின் சுவருக்குள் மீட்கப்படும் நீருக்கு அந்தப் பெருமை இல்லை என்பது மெய்யே. பிக்ஹு நூல்களும் இந்த வேற்றுமையைக் கூர்மையாக வகுத்துள்ளன. நிலத்திலிருந்து ஊறும் கிணற்று நீரில், கிணறு ஒருவருடையதேயானாலும், தாகித்து வரும் மனிதருக்கும் கால்நடைக்கும் ‘ஷஃபா’ உரிமை உண்டு. பாத்திரத்திலோ தொட்டியிலோ பிடித்துச் சேர்த்த நீர் பிடித்தவருக்கே சொந்தம். ஆழ்துளைக் கிணற்றின் நீரில் அண்டையாருக்குள்ள உரிமை, மாடியிற் பிடித்த மழைநீரில் இல்லை. ஆக, மழைநீரால் நிரம்பிய குளத்திலிருந்து கோடையில் அவர் அண்டையாருக்குக் குடம் நீர் கொடுத்தால், அது கடமையன்று; கொடை. ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி முஸ்லிம்களுக்கு விட்டுக்கொடுத்த உஸ்மான் (ரலி) அவர்களும் கடனைத் தீர்க்கவில்லை, கொடுத்தார்கள்.

அன்பர் முதலில் வேலி போட்டார். இதனை நாம் சொல்லவில்லை; சுவர்ப் பாடத்தைக் கேட்ட மறுநாளே அவராகச் செய்தது. பின்னர்ப் பச்சை நீரைச் சிறு மோட்டார் கொண்டு தென்னைகளுக்குப் பாய்ச்சினார். அடியில் ஓரடிச் சேறு இருந்தது, அதுவும் தென்னைக்கே. மேலே, ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளியின் மட்டமும் குளத்தின் மட்டமும் ஒரே அளவு குறைகின்றனவா என்று பார்க்கும் சோதனையொன்று உண்டாம். குளத்தின் மட்டம் மிகுதியாகக் குறைந்தால் கசிவு இருக்கின்றதென்று பொருள். நீரை வெளியேற்றுமுன்பே அதைச் செய்து பார்த்ததில் கசிவு தெரிந்தது. சேற்றை அள்ளியபின், ஆழமான பக்கத்து மூலையில் விரல் நுழையும் வெடிப்பைக் கொத்தனார் கண்டுபிடித்தார். இவ்வட்டாரத்தில் ஆவணி, புரட்டாசியில் மழை வலுக்கும். அதற்குள் வெடிப்பை அடைத்துப் பூசி, பூச்சு ஆறவும் நாள் விட வேண்டும். மாடிக் குழாயைத் திருப்பும் வேலை இன்னும் தொடங்கவில்லை.